வரலாறு சேருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு: நன்றி மடல்

காலமான எங்கள் அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில் முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறிவிட்டது. நேரில் வந்தும், தொலைபேசியில் கதைத்தும், கடல் கடந்து செய்தி அனுப்பியும் எங்கள் துயரில் பங்கெடுத்த எல்லோருக்கும் முதலில் எங்கள் நன்றி. ஆனால் சிலருக்குத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வன்னிக் கிராமமொன்றில் வரலாறும் ரெனிஸும் படிப்பித்த அந்த மனிதரின் வேலை உங்கள் கைகள் இல்லாமல் நடந்திருக்காது.

எங்கள் ஊரில் ரெனிஸ் பந்து என்றால் கிரிக்கெட்தான். பேராதனையில் படித்த காலத்தில் பழகிய விளையாட்டை, போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு அப்பா இங்கே தொடங்கப் போகிறார் என்றதும், "வலைக்கு எங்க சேர் போறது?" என்று கேட்டவர்களே கடைசியில் எல்லாவற்றையும் தந்தார்கள். மிதிவெடி அகற்றும் பணியாளர்கள் வேலையை முடித்த பின்தான் அந்தக் காணியில் காலே வைக்க முடிந்தது. உங்களுக்கு முதல் நன்றி. காணியைத் தந்த பக்கத்து வளவு ஐயாவுக்கும், புற்றுமண் ஏற்றிவந்து கொட்டிய உழவு இயந்திரத் தம்பிக்கும், 78 அடி நீளத்துக்கு அதை நனைத்து இடித்து இறுக்கிய பெற்றோருக்கும் நன்றி. கள்ளப்பாடு கிராமத்துக் கடற்றொழிலாளி ஒருவர் பழைய மீன்வலையை மடித்துத் தைத்து, நடுவில் சரியாக மூன்றடி நிற்கும்படி கட்டித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "மகளைப் பழக்கி விடுங்கோ, அது காணும்" என்றார். அந்த மகள்தான் இப்போது சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிறாள்.

அங்கே நடுவர் கிடையாது. கோட்டில் பட்ட பந்து உள்ளே. சந்தேகமென்றால் புள்ளி எதிராளிக்கு. இந்த விதியில் மட்டும் அப்பா யாருக்கும் இளகியதில்லை, எனக்கும்தான்.

வகுப்பிலும் அதே கண்தான். பிள்ளைகளைச் சைக்கிளில் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போய், கப்டன் வொன் டிறிபேர்க் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் நட்ட கல்லின் வாசகத்தைப் பற்றி எழுதச் சொல்வார். 1803 ஒக்ரோபர் 31 என்ற திகதியைப் பிள்ளைகள் சரியாக எழுதுவார்கள். பாதிப்பேர் "கொன்றான்" என்றும் எழுதிவிடுவார்கள். "தோற்கடித்தான் எண்டுதானே கிடக்கு? கொன்றது எங்க இருக்கு?" என்று கேட்பார். அப்புறம், "கல்லை நட்டது ஆர்? அவன் எங்கட பக்கத்தை ஏன் எழுதப்போறான்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த நேரத்தில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்த கற்சிலைமடு வீட்டு அம்மாக்களை அவர் கடைசிவரை நினைத்துக் கொண்டிருந்தார்.

2009இல் போரால் இடம்பெயர்ந்தோர் இருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்கு வெளியே பிள்ளைகளை இருத்திக் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு படிப்பித்தபோது, கொப்பியும் பேனையும் தேடிக் கொண்டுவந்து தந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயர்கள் அப்பாவின் நாட்குறிப்பில் இருக்கின்றன. இழப்பைச் சுமந்து வந்த பிள்ளைகள் அந்தக் கொப்பிகளில் எழுதித்தான் பரீட்சைக்குப் போனார்கள்.

சிறுநீரகம் பழுதான பிறகு, இரத்தம் சுத்திகரிக்கப் போகும் நாட்களில் விடியமுன்னமே வாசலில் ஓட்டோவுடன் நின்ற தம்பி, கைநரம்பு கிடைக்காத நாளிலும் பொறுமையாகத் தடவித் தேடிய தாதி, உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்த அயல் அக்கா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது?

செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவர்கள், பறை அடித்தவர்கள், இரவிரவாகச் சமைத்தவர்கள், மழைச் சேற்றிலும் பாடையைத் தோள் மாற்றாமல் சுடலைவரை கொண்டுபோன பழைய மாணவர்கள், கிரியைகளை நடத்திய குருக்கள், நினைவுமலரின் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்ட கனடாவிலுள்ள மாணவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

அப்பாவின் ரக்கெற்றுகளைத் திடலுக்கே கொடுத்துவிட்டோம். விளையாட வரும் பிள்ளைகள் அங்கே கேட்டு எடுத்துக்கொள்ளலாம். வரலாற்றுக் குறிப்புக் கொப்பிகளைப் படியெடுக்க விரும்பும் ஆசிரியர்கள் வீட்டுக்கு வாருங்கள்.

யாரையாவது குறிப்பிடத் தவறியிருந்தால், இம்மடலையே எங்கள் தனிப்பட்ட நன்றியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்
முள்ளியவளை