புதிய ஆசிரியர்களும் பிள்ளைகளின் கொப்பிகளும்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

வடக்கில் ஆசிரிய நியமனங்கள் வழங்கப்படும்போதெல்லாம் நியமனக் கடிதத்தோடு நிற்பவர்களின் படம் பத்திரிகைகளில் வருகிறது. சில வாரங்களில் இடமாற்றம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி, முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில், புதியவர்களுக்குச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

தேசிய கல்வியியற் கல்லூரிகளிலிருந்து வருவோர் இரண்டு ஆண்டுகள் படித்து, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையொன்றில் பயிற்சியாகக் கழித்த பின்னரே நியமனம் பெறுகிறார்கள். நேரே வரும் பட்டதாரிகளிற் பலருக்கு அந்த வாய்ப்பில்லை. தாம் பல்கலைக்கழகத்திற் படித்ததற்கும் தரம் ஆறிலிருக்கும் பிள்ளைக்கு வேண்டியதற்கும் உள்ள தூரம், வெண்கட்டியைக் கையில் எடுத்த பின்னர்தான் அவர்களுக்குத் தெரியவருகிறது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

எனது முதல் நியமனம் தீவகத்துப் பாடசாலையொன்றில். சோழகக் காற்று வீசும் மாதங்களில் குறிகட்டுவானில் படகேறி அக்கரையில் இறங்குவதற்குள்ளேயே அரை உயிர் போய்விடும். அங்கே 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னபோது, வகுப்பிற் பாதிப்பேர் 376 என்று எழுதியிருந்தார்கள். நானும் சிவப்புப் பேனையால் வரிசையாகப் பிழை போட்டு முடித்தேன். பக்கத்து மேசையிலிருந்த மூத்த ஆசிரியை ஒரு கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பிழை போட்டது சரி. இத்தனை பேருக்கும் ஒரே பிழை எப்படி வந்தது எண்டு கேட்டனீரோ?" என்றார். மறுநாள் ஒரு சிறுமியைக் கேட்டேன். "பெரிசிலயிருந்துதானே சின்னனைக் கழிக்கலாம் சேர்" என்றாள். மேலே 2, கீழே 8 என்றால் 8இலிருந்து 2ஐக் கழித்து 6. மேலே 0, கீழே 7 என்றால் 7. பிள்ளைகள் கவனயீனமாக இருக்கவில்லை. தாம் விளங்கிக்கொண்ட விதியை மிக ஒழுங்காகவே பின்பற்றியிருந்தார்கள். ஈர்க்குக் கட்டுகளை வைத்து, நூறைப் பத்துகளாகவும் பத்தை ஒன்றுகளாகவும் பிரித்துக் காட்ட நான்கு பாடவேளைகள் சென்றன. பாடத்திட்டத்திற் பின்தங்கியதற்காக அதிபரிடம் பேச்சும் வாங்கினேன். இன்றும் அதற்காக நான் வருந்தவில்லை.

எனவே புதியவர்களே, முதலாம் தவணையில் வேறெதைத் தவறவிட்டாலும் கொப்பிகளை வாசிப்பதைத் தவறவிடாதீர்கள். சரி, பிழை என்று அடையாளமிடுவதை நான் வாசிப்பு என்று சொல்லவில்லை. நகரத்துப் பாடசாலைகளில் இது இன்னும் அவசியம். ரியூசனில் முன்னரே படித்துவிட்டு வந்த ஐந்தாறு பிள்ளைகள் நீங்கள் கேள்வியை முடிக்குமுன் விடை சொல்லிவிடுவார்கள். வகுப்பே விளங்கிக்கொண்டுவிட்டதென நீங்கள் மகிழ்ந்துபோவீர்கள். வாய் திறவாத பின்வாங்குப் பிள்ளையின் நிலையை அதன் கொப்பி மட்டுமே உங்களுக்குச் சொல்லும். பிரம்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உடற்றண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மேற்சொன்ன சிறுமியை நான் அடித்திருந்தால், அவள் தன் விதியை எனக்குச் சொல்லியிருக்கவே மாட்டாள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளையவர்கள்தானே என்று இல்ல மெய்வல்லுநர் போட்டி முதல் வாணி விழாச் சோடனை வரை எல்லாவற்றையும் புதியவர்களின் தலையிற் கட்டிவிட்டு, கொப்பி திருத்தவில்லை என்று அவர்களையே குறைகூறுவது நியாயமாகாது. கிழமைக்கு ஒரு பாடவேளையாவது அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரோடு இருந்து பேசுவதற்கு நேரசூசியில் இடம் விடுங்கள். அவ்வாறான ஒருவர் பாடசாலையில் இல்லையெனில், வலயக் கல்விப் பணிமனைகள் எம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்களை அழைக்கலாம். பஸ் காசுக்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம். தீவகமென்றால் படகுக் காசையும் சேர்த்துத் தந்தாற் போதும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோப்பாய்.