பரிசல் நிலவரம் புறப்படும் முன்பே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் சேலம், ஈரோடு, பெங்களூரு போன்ற ஊர்களிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாக ஒகேனக்கல்லுக்கு வருவோரில் பலர், பரிசல் துறையை அடைந்த பிறகே அன்றைக்குப் பரிசல் இயக்கத் தடை இருப்பதை அறிகின்றனர். தடையைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. நீர்வரத்து கூடும்போது பரிசலை நிறுத்துவதும் அருவியில் குளிக்க விடாமல் தடுப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் கடமை. அதில் தளர்வே கூடாது. வேன் பேசி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிட்ட குடும்பத்துக்கு அந்தச் செய்தி பென்னாகரம் தாண்டி, மலைப்பாதை இறங்கிய பிறகுதான் எட்டுகிறது என்பதே என் குறை.

இத்தனைக்கும் காவிரியில் வெள்ளம் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிடப்படும் நீர் தமிழக எல்லையை அடைய ஓரிரு நாட்கள் பிடிக்கும். எல்லையில், ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்று கணக்குச் சொன்னதும் இந்த இடத்தை வைத்துத்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் இரவில் கொட்டும் மழை வேண்டுமானால் இந்தக் கணக்கைக் குலைக்கலாம். மற்றபடி, வியாழக்கிழமை மைசூருப் பக்கம் அணை திறந்தால் சனிக்கிழமை ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

பரிசல் இல்லாவிட்டால் என்ன, தொங்கு பாலத்தில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீனை வாங்கி அங்குள்ள பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுத் திரும்பலாமே என்பார்கள். திரும்பலாம்தான். ஆனால் இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களுக்கு இடையே ஆறு குறுகி ஓடும் பள்ளத்தாக்கை அதன் அடியிலிருந்து பார்க்கப் பரிசலைவிட்டால் வேறு வழியில்லை. நடுவழியில் பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாகவே போட்டுப் பரிசலைச் சுழற்றும்போது பாறைகளும் அருவிகளும் நம்மைச் சுற்றி வருவதும், தின்பண்டமும் குளிர்பானமும் ஏற்றிய இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து அணைவதும் பாலத்தின் மேலிருந்து கிடைக்கிற அனுபவங்கள் அல்ல. நெடுந்தொலைவிலிருந்து வருவோர் இதற்காகவே வருகிறார்கள்.

காலத்தைத் தேர்வதிலும் ஒரு முரண்பாடு உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கூட்டம் மிகுதியாக வருகிறது. தென்மேற்குப் பருவமழையால் கர்நாடக அணைகள் நிரம்பி நீர் திறக்கப்படுவதும் அதே வாரங்களில்தான். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை இறுதியிலும் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அந்த அளவில் அருவிகளே வெள்ளத்தில் அடையாளம் தெரியாமல் மூழ்கிவிடும். கோடையில் அருவி மெலிந்திருந்தாலும் பரிசல் பயணத்துக்கு ஆறு அமைதியாக இருக்கும். என்னைக் கேட்டால், மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசி மாதங்களையே சொல்வேன்.

ஏமாற்றத்தோடு நிற்கும் கூட்டத்தால் ஆபத்தும் விளையக்கூடும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஆதங்கத்தில், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி, காவல் இல்லாத கரையிலிருந்து ஏற்றிச் செல்லும்படி பரிசல்காரரை நெருக்குபவர்கள் இருக்கிறார்கள். தடை நாளில் அன்றாடக் கூலியை இழந்து நிற்கும் அவருக்கு இது பெரும் சோதனை. பாதுகாப்பு உடை அணிந்திருந்தாலும் சுழலும் பாறையும் உள்ள அந்த வெள்ளத்தில் அது முழுக் காப்பாகிவிடாது.

ஆகவே, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் பேருந்து நிலையங்களிலும் பென்னாகரத்திலும் அன்றைய நீர்வரத்தையும், பரிசலுக்கும் குளிப்பதற்கும் தனித்தனியாக அனுமதி உண்டா இல்லையா என்பதையும் காலை ஐந்து மணிக்குள் பலகையில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மட்டும் வைத்தால் பயனில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடும் இடத்தில், பிலிகுண்டுலு நீர்வரத்தையும் பரிசல் நிலவரத்தையும் ஒரே வரியில் சேர்த்து வெளியிடலாம். நாள்தோறும் இடம் ஒதுக்க முடியாவிட்டாலும், வெள்ளி, சனி, ஞாயிறு இதழ்களிலாவது அந்த ஒரு வரி இடம்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி