கடலில் நடக்கும் ஒத்திகை எங்கள் தெருவிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை பற்றிய செய்தியைப் படித்தேன். போலீஸ்காரர்களே தீவிரவாதி வேடத்தில் படகில் ஊடுருவப் பார்ப்பதும், கரையில் நிற்பவர்கள் அவர்களை மடக்குவதும் வடசென்னைக் கடலோரத்தில் இருக்கும் காசிமேடு, எண்ணூர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்கள் கைரேகை கொடுத்து அடையாள அட்டை வாங்கினார்கள். சந்தேகப்படும்படி படகு தெரிந்தால் தகவல் சொல்லச் சொன்னார்கள் அதிகாரிகள், மீனவர்களும் சொல்கிறார்கள். சரி, நாட்டைக் காக்க இவ்வளவு செய்கிறவர்களை யார் காப்பது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சின்னக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் ஈரத்துண்டால் பிள்ளையின் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். அம்மோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணி ஓரளவு காப்பாற்றும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, கைக்கு அகப்பட்டது அதுதான். எந்தச் சைரனும் எங்கள் காதில் விழவில்லை. எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஆளில்லை. மார்கழியில் இங்கே வாடைக்காற்று. தெற்கே திருவொற்றியூர் பக்கம் ஓடியவர்கள் வாயு போகிற திசையிலேயே ஓடியிருக்கவும் கூடும். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மணலியில் 2015 முதல் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. 2020 ஆகஸ்டில் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகம் இதே ரசாயனத்தால் வெடித்துச் சிதறிய பிறகுதான் அக்கம்பக்கத்தில் இருக்கும் எங்களுக்கே அது தெரியவந்தது. அதன் பிறகே ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

போபால் துயரத்துக்குப் பின் 1989இல் அபாயகர ரசாயனங்களுக்கென்று விதிகள் வந்தன. விபத்து ஆலையைத் தாண்டிப் பரவினால் என்ன செய்வது என்று மாவட்ட நிர்வாகம் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடத்த வேண்டும், பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்ல வேண்டும் என்று அவற்றிலேயே இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை.

விவரம் வெளியே போனால் நாசவேலைக்காரன் கையில் சிக்கும் என்பார்கள். வால்வு எங்கே, டேங்க் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. என்ன வாயு, எப்படிச் சைரன் ஒலிக்கும், எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் கேட்கிறோம். எல்லையைக் காப்பது மட்டும் பாதுகாப்பாகாது, மனிதர் வாழ்வும் அதில் சேரும் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை 1994லேயே சொன்னது. அதை உருவாக்கியவர் மஹ்பூப் உல் ஹக், பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர். நமக்கு உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவே போதும்.

அடுத்த கடலோர ஒத்திகை நடக்கும் அதே வாரத்தில் எண்ணூர், எர்ணாவூர், மணலி தெருக்களிலும் வாயுக் கசிவு ஒத்திகை நடக்கட்டும். நோட்டீஸைத் தமிழிலும், இங்கே வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுங்கள். கடைசியாக எந்தத் தேதியில், எந்தத் தெருவில் ஒத்திகை நடத்தினீர்கள் என்று உங்கள் நிருபர் கலெக்டரிடம் கேட்டு, பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எர்ணாவூர், சென்னை-57