துளையிடத் தேவையில்லை என்று விற்ற ட்ரெய்லர் கொக்கி: பணத்தைத் திருப்பித் தரவும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் இணையக் கடையில் 38,500 ரூபாவுக்கு வாங்கிய ட்ரெய்லர் கொக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரும்படி கேட்கிறேன். மாற்றுச் சாமான் வேண்டாம்.

என்னுடைய கார் டொயோட்டா அக்சியோ, 161 மாடல்; அதற்கு முந்திய மாடல் 141. "141, 161 இரண்டுக்கும் பொருந்தும், துளையிடத் தேவையில்லை, வீட்டிலேயே பூட்டலாம்" என்பது உங்கள் விளம்பரம். காசு கட்டுமுன் வட்ஸ்அப்பில் சேசி இலக்கத்தையும் அனுப்பிக் கேட்டேன். "ஓம் சேர், அப்படியே உட்காரும்" என்று உங்கள் ஆள் பதில் போட்டார். அந்தப் பதிலின் படத்தையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

நானும் மச்சானும் பின் பம்பரைக் கழற்றி, சைலன்சரை ரப்பரிலிருந்து இறக்கி, கொக்கியின் சட்டத்தை ஜக்கில் ஏற்றிப் பிடித்தோம். இடப்பக்கத் துளை நேராக வந்தது. வலப்பக்கத் துளையோ ஒரு விரல் அகலம் பின்னுக்கு நின்றது. 2012இல் வந்த 161இன் அடித்தளமும் பழைய 141இன் அடித்தளமும் வேறு வேறு. பஞ்சிகாவத்தையில் பாகம் விற்கும் சின்னப் பையனுக்கும் இது தெரியும்.

உங்களுக்கு போன் எடுத்தால், "ட்ரில் பண்ணிப் போடுங்கோ" என்கிறீர்கள். சேசியில் ஓட்டை போட எனக்கு விருப்பமில்லை. மரைன் டிரைவ் உப்புக் காற்றில் நிற்கும் வாகனம் இது, பெயின்ட் போன இடத்தில் துரு ஏற அதிக காலம் எடுக்காது.

துளையை விடுங்கள். இந்த வேலைக்கு வரும் போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். நீங்கள் தந்தவற்றின் தலை வெறுமையாக இருக்கிறது. எத்தனை கிலோ இழுக்கலாம் என்ற தகடு சட்டத்தில் இல்லை, எவ்வளவு இறுக்குவது என்பதும் தாளில் இல்லை. கிடாரமும் ஜெனரேட்டரும் ஏற்றிய ட்ரெய்லரை இதை நம்பி காலி வீதியில் இழுத்துப் போக முடியுமா?

கொக்கியின் உருண்டை 50 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தீர்கள். அளந்தால் 50.8, அதாவது அமெரிக்க 2 அங்குலம். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லைதான், ஆனால் என் ட்ரெய்லரின் 50 மில்லிமீற்றர் வாய் அதில் முழுதாக இறங்கவில்லை, பூட்டும் விழவில்லை. வயரும் அமெரிக்க முறைதான்: பிரேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே வயர். என் காரில் இரண்டும் தனித்தனி. இரண்டையும் ஒரே வயருக்கு மாற்றும் பெட்டியை இடையில் போடாமல் இணைத்தால், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் சிக்னலும் எரியும். பின்னால் வரும் முச்சக்கரவண்டிக்காரர் என்னவென்று நினைப்பார்?

போல்ட்டை மட்டும் மாற்றித் தருகிறோம், இல்லாவிட்டால் திறந்த பெட்டிக்கு 15 வீதம் கழிப்போம் என்கிறீர்கள். பெட்டியைத் திறக்காமல் எப்படி ஐயா பூட்டிப் பார்ப்பது? ஒரு சதமும் கழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்வேன். அதற்கிடையில் விளம்பரத்திலிருந்து 161ஐ எடுத்துவிடுங்கள், இன்னொருவர் வாங்கிவிடப் போகிறார்.

சாமான் முழுவதும் பெட்டியில் இருக்கிறது. பாரம் அதிகம், நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை 5 மணிக்குப் பிறகு ஆள் அனுப்பலாம். வருமுன் ஒரு போன் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அக்சியோ 161 உரிமையாளர்