நியூட்ரான் எண்ணும் அறிஞர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு மடல்

துகள் உணரிகளை உருவாக்கிவரும் நம் நாட்டு இயற்பியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மூன்று ஏக்கரில் சம்பாவும், அது முடிகிற தறுவாயில் உளுந்தும் போடுகிறேன். உளுந்துக்காகத்தான் இந்த மடல்: அதைத் தெளிக்கும் நேரத்தில் மண்ணின் ஈரத்தை அளந்து சொல்ல, நியூட்ரான்களை எண்ணும் உணரி ஒன்றை எங்களுக்காகச் செய்து தர வேண்டும்.

நெல் தரிசு உளுந்துக்கு உழவு கிடையாது, பாய்ச்சலும் கிடையாது. தையில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுவோம். அப்போது மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. பிறகு மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரமும் இரவுப் பனியும்தான் அதற்குத் தண்ணீர். பதம் வந்துவிட்டதா என்பதைக் காலால் மிதித்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் பொறுக்காமல் தெளித்துவிட்டேன். பள்ளக்கால் முழுக்க விதை அழுகிப்போயிற்று.

அடுத்த பருவத்தில், மண்ணில் குத்திவைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கினேன். எங்கள் களிமண் காயக் காய வெடிப்பு விடும். கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால் மானி காட்டுவதற்கு அர்த்தமில்லை. கடலோர உப்பு வேறு மின் அளவைக் குழப்பும். அப்படியே சரியாகக் காட்டினாலும் அது ஒரு சாண் மண்ணின் கதைதான். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே என் வயலில் இரண்டு மூன்று நாள் வித்தியாசம் இருக்கிறது.

மண்ணைத் தொடாமலே ஈரத்தை அளக்கும் வழி உங்கள் துறையில் இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றிலும் மண்ணிலும் மோதி, அணுக்கருவில் இருக்கும் மின்னூட்டமற்ற துகள்களான நியூட்ரான்களை வேகமாகச் சிதற விடுகின்றன. கோலிக்குண்டு தன் அளவுள்ள இன்னொரு குண்டை நேராக அடித்தால் அடித்த குண்டு அங்கேயே நின்றுவிடும். பெரிய கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும். நியூட்ரானும் அப்படித்தான். ஏறக்குறைய தன் நிறையே உள்ள ஹைட்ரஜனில் மோதினால் வேகம் இழக்கிறது. தண்ணீர் எங்கே அதிகமோ அங்கே ஹைட்ரஜன் அதிகம். ஆகவே தரைக்கு மேல் எண்ணப்படும் வேக நியூட்ரான்கள் குறையும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மாரெக் ஸ்ரெடாவும் உடனிருந்தவர்களும் 2008இல் இதைக் கருவியாக்கிக் காட்டினார்கள். ஒரு கம்பத்தில் நிற்கும் உணரி, சுற்றிலும் 130 முதல் 240 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மண்ணின் சராசரி ஈரத்தைத் தருகிறது. பிரிட்டனில் இப்படி ஏறக்குறைய 50 நிலையங்கள் இயங்குகின்றன. எங்கள் ஊரில் ஒரே கம்பம் குறைந்தது பத்துப் பதினைந்து ஏக்கருக்கு, அதாவது நாலைந்து சிறு விவசாயிகளுக்குப் பதில் சொல்லும்.

அதை அப்படியே வாங்கி இங்கே நட்டுவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நாம் புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். குறைந்த ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்களை இங்கே பூமியின் காந்தப்புலம் உள்ளே விடுவதில்லை. தவிர எங்கள் நிலம் கடல் மட்டத்தை ஒட்டியது. மேலே முழுக் காற்றுமண்டலமும் மூடியிருக்கிறது. ஆகவே உலகிலேயே நியூட்ரான் குறைவாகக் கிடைக்கும் இடங்களில் டெல்டாவும் ஒன்று. எண்ணிக்கை குறைந்தால் பிழை கூடும்; எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை. 400 எண்ணினால் பிழை 20, அதாவது 5 விழுக்காடு. 10,000 எண்ணினால்தான் 1 விழுக்காட்டுக்கு வரும். பதம் இரண்டே நாள் நிற்கும்போது, எண்ணி முடிக்க ஒரு வாரம் காத்திருக்க முடியாது.

எங்களுக்குப் பெரிய, திறன் கூடிய, விலை மலிந்த உணரி வேண்டும். நியூட்ரானை எண்ண வழக்கமாகப் பயன்படும் ஹீலியம்-3 வாயுக் குழாய் கட்டுப்படியாகாது. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் சிதைந்து கிடைக்கும் அந்த வாயுவுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு. அதற்கு மாற்றாக போரான்-10 பூசிய குழாய்களும் லித்தியம்-6 கலந்த ஒளிர்பொருள்களும் ஆய்வில் இருக்கின்றன. இந்த வேலையை நம் ஆய்வகங்கள் எங்கள் களிமண்ணை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு நோக்கத்துக்குச் செய்த உணரியை இன்னொன்றுக்குத் திருப்புவது உங்களுக்குப் புதிதல்ல. கோலார் தங்கவயலில் புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்த குழாய்களே பின்னர் ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், அக்கதிர்களால் பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணும் தொலைநோக்கிக்குப் போயின. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அவைதான் காட்டின. முடிவு 2019இல் வெளியானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடிமேகத்தின் வயிற்றை அளந்தவர்களுக்கு வயலின் ஈரம் எட்டாததா?

தண்ணீர் கட்டி நிற்கும் குறுவை, சம்பா வயலில் இது உதவாது. நிற்கும் நீரே எல்லாவற்றையும் மறைத்துவிடும். நான் கேட்பது தை, மாசிக்கு மட்டும். அளவுத்திருத்தத்தை இங்கேயே செய்யுங்கள்: களிமண்ணுக்குள் கட்டுண்ட நீரும், நிற்கும் பயிரின் ஈரமும், அறுத்தபின் மிஞ்சும் தாளும் கணக்கில் வர வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடுதுறை 3 உளுந்தைத் தந்தவர்கள், இந்தப் பதத்தை அறிந்தவர்கள். கிடைக்கும் எண்கள் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும்.

கம்பம் நட என் கிழக்கு வரப்பில் இடம் தருகிறேன். மண்ணெடுத்து, அடுப்பில் உலர்த்தி, எடை போட்டு ஒப்பிடும் வேலைக்கு என் பழைய மாணவர்கள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்கழிக் கடைசியில் வந்தால், தெளிப்பதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்