பத்து முறை எழுதினால் சொல் மனதில் நிற்குமா?

ஆசிரியருக்கு வணக்கம். மும்பை மாநகராட்சி தாராவியில் இன்னும் தமிழ்வழிப் பள்ளி நடத்துவது பெரிய விஷயம்தான். ஆனால் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி வளரும் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை அருஞ்சொற்பொருளைப் பத்து முறை எழுதச் சொன்னால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள், இது பாடம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். 'விளை' என்று பலகையில் எழுதிவிட்டு விளைச்சல், விளைவு, விளைநிலம், விளைபொருள் என்று பிள்ளைகளையே சொல்ல வைக்கலாமே! அப்புறம் அதே சொற்களை அடுத்த வாரமும் அடுத்த மாதமும் வேறு வாக்கியங்களில் கேட்க வேண்டும், இடைவெளி விட்டுக் கேட்டால்தான் நிற்கும். வாரம் ஒரு பீரியடாவது கதைப் புத்தகம் வாசிக்க ஒதுக்கட்டும். உங்கள் ஞாயிறு இதழில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று அரைப் பக்கம் கொடுங்கள், கத்தரித்து வகுப்புக்குக் கொண்டுபோகிறோம்.

ஒரு தமிழாசிரியை, தாராவி, மும்பை