படத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஆய்வகத்துக்கு, மகனின் திசு பதித்த கண்ணாடி ஸ்லைடை வாங்க வந்த ஒரு அம்மா, நானோ துகள்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட பக்கத்தை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஊதா நிறத்தில் ஒரு புற்றுநோய்ச் செல், மேலே தங்க நிறப் புள்ளிகளாக அந்தத் துகள்கள். "என் பையனுக்கும் இப்படி ஊதாவாத்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

அது ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான்களைக் கொண்டு எடுக்கும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம். அதில் நிறமே வராது, கறுப்பு வெள்ளைதான். ஊதாவும் தங்கமும் பிறகு கணினியில் பூசியவை. அவர் மகனுடைய ஸ்லைடிலும் ஊதா உண்டு. ஆனால் அது வேறு ஊதா. பல ஆண்டுகளாகத் திசு வெட்டிச் சாயம் ஏற்றுகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3, 4 மைக்ரான் கனத்தில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சீவுவோம். நாடாவாக வரும் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏந்துவோம். ஒரு மடிப்பு விழுந்தாலும் அங்கே சாயம் கூடுதலாகத் தெரியும், மறுபடி சீவ வேண்டியதுதான். ஹெமடாக்ஸிலின் என்ற சாயம் செல்லின் கருவைப் பிடித்து நீல ஊதாவாக்கும். இயோசின் என்ற இன்னொரு சாயம் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். கரு பெரிதாகிக் கறுத்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது அந்த நிறத்தை வைத்துத்தான். எங்கள் சாயம் திசுவில் இருப்பதைக் காட்டுகிறது. கணினியில் பூசிய நிறம், பூசியவர் எதைப் பிரித்துக் காட்ட நினைத்தார் என்பதைக் காட்டுகிறது. அதைப் பூசுவதில் தவறில்லை. சொல்லாமல் விடுவதுதான் தவறு.

உங்கள் படத்தில், இருப்பது எவ்வளவு பெரிது என்று காட்டும் அளவுக்கோடும் வெட்டுப்பட்டிருந்தது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டரைவிட (மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு) நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். நானோ துகள்களோ பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் கீழே. எந்தக் கருவி, எவ்வளவு பெரிதாக்கியது என்று தெரியாவிட்டால் படத்திலிருப்பது துகளா தூசியா என்று நானே தடுமாறுவேன். இன்னொன்று: துகள்கள் கலந்த கரைசலில் ஒரு சொட்டை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் கம்பி வலைத்தட்டில் விட்டுக் காயவைத்தால், ஈரம் வற்றும்போதே துகள்கள் கொத்தாகச் சேர்ந்துவிடுவதுண்டு. உடம்புக்குள்ளும் அப்படித்தான் கொத்தாக இருக்கும் என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எந்தக் கருவியில் எடுத்தது, நிறம் சேர்த்ததா என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்; அளவுக்கோட்டை வெட்டாதீர்கள். ஆய்வாளர்களிடம் கேட்டால் பூச்சு இல்லாத மூலப் படத்தையும் தருவார்கள். அதையும் பக்கத்திலேயே சின்னதாக வெளியிட்டால், அந்த அம்மாவிடம் நானே எடுத்துப்போய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
திசுநோயியல் ஆய்வக ஊழியர் ஒருவர்